சிவப்பு மையும் கண்மாயும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அழைப்பிதழில் என் தலைப்பு ‘காலனிய நீக்கமும் பல்கலைக்கழகப் பாடத்திட்டமும்’ என்று அச்சாகியிருக்கிறது. நான் எழுதிக் கொடுத்ததுதான். அச்சில் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. மேலூரில், வேலைநாள் மாலையில், இவ்வளவு பேர் இந்தத் தலைப்பைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறீர்கள். அதற்கு நன்றியாக, பெரிய சொற்களை ஓரமாக வைத்துவிட்டு ஒரு விடைத்தாளிலிருந்து தொடங்குகிறேன்.

எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. நம் பகுதியின் பாசன முறையை எழுதச் சொல்லி ஒரு ஐந்து மதிப்பெண் வினா. கண்மாய்க் கரையில் வளர்ந்த பையனுக்கு இதைவிட எளிய வினா வாய்க்குமா? வரத்துக்கால், கரை, மடை, கலுங்கு, மறுகால் என்று ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது ‘கண்மாய்’ வந்த இடமெல்லாம் சிவப்பு மையில் அடிபட்டு, மேலே ‘ஏரி’ என்று திருத்தப்பட்டிருந்தது. ‘கலுங்கு’ இருந்த இடத்தில் ‘உபரிநீர்ப் போக்கி’. மடையை மட்டும் விட்டிருந்தார்; அது புத்தகத்திலும் இருந்திருக்க வேண்டும். ஐந்துக்கு மூன்று. பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘பாடநூலைப் படித்து எழுதவும்.’

அந்த ஆசிரியர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அவர் ஊரிலும் கண்மாய்தான். மாலையில் சைக்கிளில் கண்மாய்க் கரை வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் அது ஏரியாகிவிடும். ஏரி நல்ல தமிழ்ச் சொல்தான். வடக்கே செங்கல்பட்டுப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பாடநூல் எழுதியவருக்குத் தெரிந்தது அது. நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது வேறொன்று. அந்த விடைத்தாளில் ஓர் ஆங்கில எழுத்துகூட இல்லை. கேள்வி தமிழ், பதில் தமிழ், திருத்தியதும் தமிழில்தான். வெள்ளைக்காரன் போய்க் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. இருந்தும் கண் முன்னால் கிடக்கிற ஒன்றை, எங்கோ அச்சான ஒன்று ஒப்புக்கொண்டால்தான் அறிவு என்று சொல்ல முடிந்தது. காலனியம் நம் வகுப்பறையில் விட்டுப்போனது ஆங்கிலத்தை மட்டுமென்றால் நாம் எப்போதோ பிழைத்திருப்போம். தமிழ்வழிக் கல்வி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற நண்பர்களுக்காகத்தான் இதை முதலில் சொன்னேன். நானும் அந்தக் கட்சிக்காரன்தான். ஆனாலும் அது பாதி வேலை.

மொழிக்குத் திராணி இல்லை என்பது எப்போதோ பொய்யான வாதம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1860களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். உடற்கூற்றியலும் அறுவை மருத்துவமும் தமிழ் நூல்களாக வந்தன. மொழி அன்றே ஈடுகொடுத்தது. எனவே கேள்வியை வேறு இடத்தில் போடுவோம்: எது அறிவு, யார் சொன்னால் அறிவு என்பதை எந்த நாற்காலி முடிவு செய்கிறது?

இதற்கு உதாரணம் தேடி ஆப்பிரிக்கா போக வேண்டாம். மேலூரிலிருந்து மேற்கே, அரிட்டாபட்டியைத் தாண்டினால் மாங்குளம். மீனாட்சிபுரத்தை ஒட்டிய குன்றில் ஏறினால் சமண முனிவர்களுக்கு வெட்டிய கற்படுக்கைகள் இருக்கும். மேலே பாறை நெற்றியில் எழுத்துகள். ஆடு மேய்ப்பவர்கள் காலங்காலமாக மழைக்கு ஒதுங்கிய இடம். 1882இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் அந்த எழுத்தைக் கண்டு பதிவு செய்தார். எழுத்து பிராமி என்பது தெரிந்தது. எழுத்து தெரிந்தும் பொருள் விளங்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது அப்படியே கிடந்தது.

ஏன் விளங்கவில்லை? பிராமி என்றால் அசோகர், அசோகர் என்றால் பிராகிருதம். இதுதான் அன்றைய அறிஞர் உலகத்தின் பாடத்திட்டம். எனவே பாறையில் பிராகிருதத்தைத் தேடினார்கள். இந்த எழுத்துமுறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. வடக்கே எழுத்தின் மேல் போடும் நெடில் கோட்டை இங்கே குறில் அகரத்துக்கும் போட்டார்கள். கோடு இல்லாத எழுத்தை மெய்யாக வைத்துக்கொண்டார்கள். தமிழுக்கு மெய்யெழுத்து வேண்டும். வடக்கு முறையில் அதற்குத் தனி வழி இல்லை. அதனால் இங்கே எழுதியவன் தன் மொழிக்குத் தக்கபடி முறையை வளைத்துக்கொண்டான். அசோகர் கால விதிப்படி வாசித்தால் ‘மகன்’ என்று வெட்டியிருப்பது ‘மாகான’ என்று ஒலிக்கும். எந்த மொழியிலும் பொருள் வராது. இங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் யாராவது இருந்தால் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: மாகான. மகன்.

1924இல் கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் வேறு பக்கமிருந்து யோசித்தார். இந்தக் கல்வெட்டுகளில் ழ, ள, ற, ன இருக்கின்றன. வடமொழிக்கும் பிராகிருதத்துக்கும் இன்றியமையாத வர்க்க எழுத்துகள் இல்லை. அப்படியென்றால் இது தமிழ். அவ்வளவு எளிய கவனிப்பு. பிறகு 1960களில் ஐராவதம் மகாதேவன் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரையும், வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவையும் அந்தப் பாறையில் வாசித்துக் காட்டினார். கணி நந்தாசிரியன் என்ற முனிவருக்குச் செய்துகொடுத்த உறைவிடம் அது. மகாதேவன் தொழில்முறையில் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், ஐ.ஏ.எஸ். அதிகாரி. 

கீழடி அகழாய்வைப் பற்றிப் பேசாதவர் தமிழ்நாட்டில் இல்லை, பேச வேண்டியதுதான். ஆனால் கீழடி நமக்குப் பெருமையைத் தந்தது. மாங்குளம் ஒரு படிப்பினையைத் தருகிறது. சான்று பாறையில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. புதிதாகத் தோண்ட ஏதுமில்லை. கேள்வியைத் திருப்பிப் போட ஆள் வேண்டியிருந்தது, அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டு ஆனது.

இந்த இடத்தில் கைதட்டல் வரும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். நம்முடையது என்றதும் நெஞ்சு விரிகிற இந்த வேகத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது.

1822இல் மதராஸ் ஆளுநர் தாமஸ் மன்றோ, தன் மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, யார் படிக்கிறார்கள் என்று எல்லாக் கலெக்டர்களிடமும் கணக்குக் கேட்டார். மதுரையில் அப்போது கலெக்டர், நம் ஊர்க்காரர்கள் பீட்டர் பாண்டியன் என்று கொண்டாடுகிற ரௌஸ் பீட்டர். மாகாணம் முழுக்கச் சேர்த்து 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று மன்றோ 1826இல் எழுதினார். வரலாற்றாய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களை எடுத்து 1983இல் நூலாக்கியபோது, கல்வியே இல்லாத நாட்டுக்கு வெள்ளையன் விளக்கேற்றினான் என்ற கதை பொய்த்துப்போனது. தமிழ் மாவட்டங்களின் திண்ணைப் பள்ளிகளில் பெரும்பான்மை பிராமணரல்லாத பிள்ளைகள் என்பதும் அந்தப் பட்டியலில் தெரிந்தது.

அந்தத் திண்ணையில் நடந்த கணக்கு சாதாரணம் இல்லை. எண்சுவடியை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஒன்றுக்குக் கீழே முக்கால், அரை, கால், மா, காணி என்று இறங்கி, 320இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் வாயாலேயே பெருக்குவார்கள். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, எட்டு நாழி ஒரு குறுணி, மூன்று தூணி ஒரு கலம் என்று நெல் அளக்கிற வாய்பாடு தனி. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். மணலில் விரலால் எழுதிப் பழகும். சென்னையில் ராணுவ அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் இதைப் பார்த்து, தன் பள்ளியில் செய்து, 1797இல் லண்டனில் புத்தகம் போட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது ‘மதராஸ் முறை’ என்று பரவியது. நம் திண்ணை அங்கே கல்வி முறையானது. இங்கே திண்ணை பின்தங்கிய முறை என்று பெயர் வாங்கியது.

சரி. அந்தத் திண்ணையில் யாருக்கு இடமில்லை? பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம். சேரிப் பிள்ளைகள் அநேகமாக இல்லவே இல்லை. நெல் வாய்பாடு பாடிய திண்ணைக்கு அந்த நெல்லை நட்டு அறுத்தவர் வீட்டுப் பிள்ளை வர முடியாது. பொற்காலத்தை மீட்கிறோம் என்று சொல்கிறவர்கள் இந்தப் பட்டியலை முழுக்கப் படிப்பதில்லை. இதை நான் மேலூரில் நின்றுகொண்டு சொல்கிறேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. மேலவளவு இங்கிருந்து எவ்வளவு தூரம் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்ட 1997ஆம் ஆண்டுக்கு எந்தக் கவர்னர் ஜெனரலையும் பொறுப்பாக்க முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆங்கிலேய அதிகாரி ஜே.எச். நெல்சன் 1868இல் எழுதிய மதுரை மாவட்ட நூலும், 1906இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியரும் நம் நூலகங்களில் இருக்கின்றன. இந்த வட்டாரத்துப் பையன் ஒருவன் ஆய்வுக்காக அவற்றைப் புரட்டினால், தன் பாட்டன் பூட்டனைத் திருட்டுச் சாதி என்று அச்சில் படிப்பான். அப்படிப்பட்ட எழுத்துதான் பிறகு சட்டத்துக்குத் துணையாக நின்றது. 1871இல் வடக்கே வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் நம் மாகாணத்துக்கும் வந்தது. நம் ஜனங்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். ஆண்கள் விரல்ரேகை பதிய வேண்டும், ராத்திரி நேரங்களில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச் சூடு. மாயக்காள் என்ற பெண்ணும் உயிரிழந்தவர்களில் ஒருவர். 1947இல்தான் அந்தச் சட்டம் போனது.

அப்படியானால் நெல்சனைக் கொளுத்திவிடலாமா? அதே நெல்சன்தான் 1877இல் இன்னொரு நூல் எழுதினார். மதராஸ் உயர்நீதிமன்றம் ‘இந்துச் சட்டம்’ என்ற பெயரில் சில வடமொழி நூல்களை எடுத்துவைத்துக்கொண்டு, அவற்றைக் கேள்விப்பட்டே இராத தமிழ்க் குடிகள் தலையில் கட்டுகிறது, இவர்களுக்கு இவர்கள் வழக்கம்தான் சட்டம் என்று நீதிபதிகளோடு மல்லுக்கு நின்றார். இப்படி ஒரே மனிதர் ஒரு கையால் முத்திரை குத்துகிறார், இன்னொரு கையால் அழிக்கிறார். அவரை மாணவனுக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். யார், எப்போது, யாருக்காக எழுதினார் என்று கேட்கப் பழக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும். மேலும், மேலூர்க்காரனிடம் போய் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததையெல்லாம் தூக்கி எறி என்றால், பெரியாற்றுத் தண்ணீரை நிறுத்தச் சொல்கிறாயா என்று அடிக்க வருவான். 1895இலிருந்து வருகிற தண்ணீர். நம் ஒருபோகமும் அதை நம்பித்தான்.

இப்போது டெல்லியும் காலனிய நீக்கம் பேசுகிறது. 2023இல் பல்கலைக்கழக மானியக் குழு, மொத்தக் கிரெடிட்டில் ஐந்து சதவீதமாவது இந்திய அறிவு மரபுக்கு ஒதுக்கச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் பெயர் மாறி பாரதிய நியாய சன்ஹிதா ஆகியிருக்கிறது. பெயர்ப்பலகை மாற்றுவது சுலபம். மேலூர்ப் பையன் ‘கண்மாய்’ என்று எழுதினால் அந்த ஐந்து சதவீதத்தில் மதிப்பெண் விழுமா, அதற்கும் வடக்கே அச்சான ஒரு சொல் வந்து உட்காருமா? எனக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை.

1968இல் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவும் இரண்டு சக ஆசிரியர்களும் ஆங்கில இலக்கியத் துறையையே எடுத்துவிடலாம் என்று ஒரு குறிப்பு எழுதினார்கள். ஆங்கிலத்தைத் துரத்துவது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. ஆப்பிரிக்காவை நடுவில் வைத்து, அங்கிருந்து மற்ற இலக்கியங்களைப் பார்ப்போம் என்றார்கள். வாய்மொழி மரபையும் பாடமாகக் கேட்டார்கள். கூகி 2025 மே மாதம் காலமானார். எது நடு என்ற அவருடைய கேள்வியை மேலூருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்?

நானே ஒருமுறை முயன்றேன். ஒரு கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் என்னை உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். வரலாற்று மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பருவத்துக்குத் தம் ஊர்க் கண்மாயை ஆவணப்படுத்தட்டும் என்றேன். மடை எத்தனை, கலுங்கு எந்தப் பக்கம், மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, யார் தண்ணீர் திறந்தார்கள், யாருக்குக் கடைசியில் விட்டார்கள். ஒரு பேராசிரியர் கேட்டார்: “இதுக்கு டெக்ஸ்ட் புக் எது சார்?” இன்னொருவர்: “மாடல் கொஸ்டின் பேப்பர் போட முடியாதே.” மூன்றாமவர் வடைத் தட்டை நகர்த்தினார். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்த அடுத்த கூட்டம் எனக்குத் தெரிந்து இன்னும் நடக்கவில்லை.

நான் ஏன் கண்மாயையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், அதில் ஒரு முழுப் பாடத்திட்டம் இருக்கிறது. பழைய குமிழித் தூம்பைப் பார்த்திருப்பீர்கள். கண்மாய்க்குள் இரண்டு கல்தூண், நடுவே பலகைக் கல், கீழே தொட்டி. நல்ல தண்ணீர் போக மேலே ஒரு துளை, சேறு வெளியேறக் கீழே ஒரு துளை. கண்மாய் தூர்ந்துபோகாமல் இருக்கப் பாசனத்தோடு பாசனமாகச் சேற்றையும் வெளியே தள்ளுகிற யோசனை. கரையைக் காப்பதும் தூர் எடுப்பதும் குடிமராமத்து என்று ஊர்ப் பொறுப்பாக இருந்தது. 1858இல் அரசு அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது. பிறகு பெரிய கண்மாய் பொதுப்பணித் துறைக்கு, சிறியது ஒன்றியத்துக்கு என்று பிரிந்து, கண்மாய் ஊரின் கையைவிட்டுப் போனது. பொறியியல், சட்டம், வரலாறு, சாதி எல்லாம் அந்தக் கரைமேல் இருக்கிறது.

சாதி என்றேன். எங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஒரு நீர்ப்பாய்ச்சி இருந்தார். மடைத்தூணில் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, “மூணாம் படிக்கு எறங்கிருச்சு. இனி பதினஞ்சு நாளைக்கு மேல தாங்காது. கீழப்பத்துக்கு மொதல்ல விட்ருவோம்ங்கய்யா” என்று என் அப்பாவிடம் சொல்வார். அடைமழை ராத்திரியில் கலுங்கு பாயும் சத்தம் மாறுவதை வைத்தே எங்கோ கரை கசிகிறது என்று எழுந்து ஓடுவார். கூலி, களத்துமேட்டில் கொடுக்கிற நெல். அவருக்கு அறுபது வயது இருக்கும், எனக்குப் பத்து. நான் அவரை ‘வா, போ’ என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். என் விடைத்தாளில் அடிபட்ட சொற்கள் எல்லாம் அவரிடம் கற்றவை. சிவப்பு மை என் சொல்லை அடித்ததற்கு இத்தனை ஆண்டு வருத்தப்பட்டேன். அந்தச் சொல்லைத் தந்தவரை நான் ஒருமையில் கூப்பிட்டது உறைக்க இன்னும் அதிக காலம் பிடித்தது.

அரிட்டாபட்டியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த சுனைகளும் கண்மாய்களும் வல்லூறுகளும் முதல்முறையாக அரசாணைக்குள் வந்தன. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய இருபது சதுர கிலோமீட்டர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஏலம் விட்ட வரைபடத்தில் அது ஒரு கனிமத் தொகுதி. ஊர் ஊராகக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7இல் மேலூர்ப் பக்கமிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஜனம் நடந்தது. 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. அந்தக் கூட்டங்களில் மைக் பிடித்த பெண்கள் பலர் பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர்கள். எந்தச் சுனை எந்தக் கண்மாய்க்கு ஊற்று, மலையைக் குடைந்தால் எந்த ஊர் காயும் என்று வரிசையாகச் சொன்னார்கள். அந்தப் பேச்சுகளை நம் கல்லூரிகள் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். செல்போன்களில் கிடக்கின்றன, போன் மாற்றும்போது அழிந்துகொண்டிருக்கின்றன.

இந்த அறக்கட்டளையை நிறுவியவர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர் யாரையும் அழைக்காதீர்கள். இந்த வட்டாரத்தில் இன்னும் ஒரு சில நீர்ப்பாய்ச்சிகள் உயிரோடு இருக்கிறார்கள். எல்லோருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களில் ஒருவரை அழையுங்கள். அழைப்பிதழில் ‘திரு’ போட்டு, கடைசியில் ‘அவர்கள்’ சேர்த்து அச்சிடுங்கள். மேடையில் பேசக் கூச்சமாக இருந்தால் மாணவர்கள் கண்மாய்க் கரைக்குப் போய் உட்கார்ந்து கேட்கட்டும், அதுவும் சொற்பொழிவுதான். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே அச்சிடுங்கள், ஏரி என்று திருத்தாமல். எனக்குக் கொடுத்த மதிப்பூதிய உறையைப் பிரிக்காமல் செயலாளரிடம் விட்டுச் செல்கிறேன். அது அவருக்கு.